நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

முனிக்
8 ஜூன் 2024

அக்காவுக்கு,

அன்பு எழுதறேன். நானும் அமலராணியும் சௌக்கியம். இங்க இப்பதான் வெயில் எட்டிப் பாக்குது, அதுக்கே ஊரே சட்டையக் கழட்டிட்டுப் புல்லுல படுத்துக் கெடக்கு. உன் முட்டி வலி எப்படி இருக்கு? அப்பாவுக்குக் கண்ணுல புரை முத்திடுச்சுன்னு சொன்னியே, ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்களா?

போன்ல பேசினா ரெண்டே நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சுடறோம், இனிமே எதுவா இருந்தாலும் எழுதுன்னு சொல்லிட்ட. சரி, மெயில்லயே எழுதறேன்.

எங்க கம்பெனி நம்ம சல்லடைய எடுத்துக்கணும்னு பாக்குது. மேல இருக்கறவங்களுக்கு அது என்னன்னு நான்தான் விளக்கினேன். ஓடிட்டிருக்கற ஒரு ப்ரோக்ராம் திடீர்னு செத்து விழுந்தா, அது விட்டுட்டுப் போன மெமரிய சலிச்சு, எந்த வரில உயிர் போச்சுன்னு சொல்ற கருவின்னேன். 'போஸ்ட்மார்ட்டமா'ன்னு ஒருத்தர் சிரிச்சாரு. துவாக்குடில ஒரு லாட்ஜ் ரூம்ல நாங்க ஆரம்பிச்சதுன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

சிக்கல் லைசென்ஸ்லதான். இப்ப இருக்கறபடி யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம், ஆனா திருத்தினத ஊருக்குக் காட்டணும். கம்பெனிக்கு அந்தக் காட்டற ஷரத்து வேணாமாம். அத எடுக்கணும்னா இதுவரை சல்லடைல எழுதின ஒவ்வொருத்தரும் சம்மதக் கையெழுத்துப் போடணும். எந்த வரிய யார் எழுதினதுன்னு குறிச்சு வெக்கற ரெக்கார்டுல மொத்தம் பத்தொன்பது பேர். பதினெட்டு வாங்கியாச்சு. பாக்கி நீ மட்டும்தான். பாதிக்கு மேல நீ எழுதினது, நீ போடலன்னா ஒண்ணும் நடக்காது. நடந்தா அந்த டீமுக்கே என்னத் தலைமையாப் போடறேன்னு சொல்லியிருக்காங்க.

இன்னொரு சின்ன விஷயம். உன் வீட்டு ஹால்ல இருக்கற மெஷின்ல நம்ம பழைய மெயில் எல்லாம் அப்படியே ஊரு பாக்கற மாதிரி கெடக்கு. கொஞ்ச நாளைக்கு அத மூடி வை. விவரம் தெரியாத வயசுல எழுதினது, எதுக்கு வக்கீலுங்க கண்ணுல படணும்?

தீபாவளிக்கு வரேன். அப்பா ஆபரேஷன நானே கூட இருந்து பாத்துக்கறேன். அப்பாவுக்கு என் அன்பச் சொல்லு.

அன்பு


ஸ்ரீரங்கம்
23 ஜூன் 2024

அன்பு,

உன் கடிதத்த அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தீபாவளிக்கு வரேங்கற இடத்த மட்டும் ரெண்டு தரம் படிக்கச் சொன்னாரு. ஆபரேஷன நீ வந்தப்புறம் வெச்சுக்கலாம்னு டாக்டர்கிட்ட அவரே போன்ல சொல்லிட்டாரு. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல முப்பத்தஞ்சு வருஷம் எதையும் தள்ளிப் போடாத மனுஷன், உனக்காகத் தள்ளிப் போடறாரு. என் முட்டிய விடு, அது என்னோடயே பொறந்தது. அமலராணிக்கு ஊறுகா அனுப்பினேனே, வந்துதா?

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். உனக்குப் பதவி வரணும்னு போடல. அலுத்துப் போய்ப் போட்டேன். பதினாலு வருஷமா காலேஜ்ல கிளாஸ் முடிச்சு வந்து, சனி ஞாயிறுகூட விடாம இதுக்குப் பதில் எழுதிட்டிருக்கேன். போன வாரம் எவனோ ஒருத்தன், பேர்கூடப் போடாம, 'இது என் மெஷின்ல வேலை செய்யல, இத வெளிய விட உங்களுக்கு வெக்கமா இல்லையா'ன்னு எழுதறான். அவனுக்கும் உக்காந்து பொறுமையாப் பதில் எழுதினேன். நன்றின்னு ஒரு வார்த்தை வரல. போதும்டா சாமி, கம்பெனியே கட்டிகிட்டு அழட்டும்.

ஆனா உன் பத்தொன்பது பேர் லிஸ்ட்டப் பாத்தேன். நிஜாமுதீன் பேர் எங்க?

மறந்துட்டேன்னு சொல்லாத. நாலு வருஷம் உன் ரூம்லயே கெடந்து, உன் தட்டுலயே சாப்பிட்டவன். செத்த ப்ரோக்ராம் எந்தெந்த வழியா வந்து செத்துதுன்னு பின்னாலயே நடந்து போய்க் கண்டுபிடிக்கற அந்த நானூத்திப் பன்னண்டு வரி அவன் எழுதினது. அது இல்லன்னா சல்லடைல ஓட்டையே கெடையாது, வெறும் தட்டு. ரெக்கார்டுல அது உன் பேர்ல கெடக்குன்னு உனக்கு நல்லாவே தெரியும். அவன் குவைத்ல செத்து ரெண்டு வருஷம் ஆகுது. அவன் சம்மதத்த அவன் பொண்டாட்டி கமர் ஜஹான்கிட்டதானே கேக்கணும்? அத யார் போய்க் கேக்கறது?

மெயில் எதையும் மூடறதா இல்ல. நான் ஒளிஞ்சு வாழல.

யமுனா


முனிக்
19 ஜூலை 2024

அக்காவுக்கு,

கையெழுத்து வந்து சேந்துது. ரொம்ப நன்றி. ஊறுகாயும் வந்துது, அமலராணி பாட்டில ஒளிச்சு வெச்சுகிட்டா. அப்பாவுக்கு நடக்கறதுக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பியிருக்கேன், அளவு பாத்துப் போட்டுவிடு. மழை எப்படி?

இங்க வேலை நெறைய. வக்கீலுங்க பழைய மெயில் பத்தித் திரும்பக் கேட்டாங்க. தயவு செஞ்சு அத மூடிடு அக்கா. காரணம் கேக்காத.

அன்பு


ஸ்ரீரங்கம்
4 ஆகஸ்ட் 2024

அன்பு,

நேத்து ஆடிப்பெருக்கு. காவேரில தண்ணி நெறைய ஓடுது. அம்மா மண்டபம் ரோட்டுல காலைலேர்ந்து கூட்டம், நம்ம வாசல்லயே நாலு குடும்பம் உக்காந்து சித்ரான்னம் சாப்பிட்டுப் போச்சு. அப்பா பால்கனில உக்காந்து யாருன்னு தெரியாமயே எல்லாருக்கும் கை காட்டிட்டிருந்தாரு. உன் ஷூ ஒரு சைஸ் பெருசு.

நிஜாமப் பத்தி நான் எழுதினதுக்கு ஒரு எழுத்து பதில் இல்ல. ஊறுகாய்க்கு பதில் வருது, செத்தவனுக்கு வரல. காரணம் கேக்காதன்னு வேற எழுதற. நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? உக்காந்து பழைய மெயில்ல அவன் பேரத் தேடிப் பாத்தேன். 2011 நவம்பர்ல நிஜாம் எழுதியிருக்கான்: 'அந்தப் பாகம் அன்பு பேர்ல ஏறியிருக்கு, முடிஞ்சா சரி பண்ணிடுங்க.' அவ்வளவுதான் எழுதியிருக்கான். கோவம்கூடப் படத் தெரியாதவன். அத யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே மூடச் சொல்ற?

அந்த நானூத்திப் பன்னண்டு வரியக் காட்டித்தான் உனக்கு அங்க வேலை கெடச்சுது. எங்கிட்டயே பெருமையா சொன்ன, இன்டர்வியூல அந்தப் பாகத்தப் பத்தித்தான் ஒரு மணி நேரம் கேட்டாங்கன்னு. அப்ப ஒரு தரமாவது இது என் நண்பன் எழுதினதுன்னு சொன்னியா? இப்ப அத வெச்சே டீமுக்குத் தலைமை வேற. இதுக்கு நம்ம ஊர்ல திருட்டுன்னு பேர் அன்பு. வேற பேர் இருந்தா நீயே எழுது.

அப்பாவுக்கு இந்தக் கடிதத்த நான் படிச்சுக் காட்டல.

யமுனா


முனிக்
5 ஆகஸ்ட் 2024

அக்கா,

திருட்டா? நல்லது. இத்தன வருஷம் வாய மூடிகிட்டு இருந்ததுக்கு இது தேவைதான்.

2011 அக்டோபர் 22, சனிக்கிழமை. ரெக்கார்டுல அந்தத் தேதி இருக்கு, நீயே போய்ப் பாரு. அன்னிக்கு நான் புனேல ட்ரெயினிங்ல இருந்தேன். லாட்ஜ் ரூம் சாவி உங்கிட்ட இருந்துது. வீட்டுல மெஷின் இல்லாத நிஜாம், பிரவுசிங் சென்டர்ல உக்காந்து எழுதினத வரகனேரிலேர்ந்து பஸ்ல பென் டிரைவ்ல கொண்டு வந்து உன் கையில குடுத்தான். என் மெஷின்ல என் பேர்தான் போட்டிருந்தேன், அதுலேர்ந்து எத ஏத்தினாலும் அந்தப் பேர்லதான் விழும். பேர மாத்தாம அத அப்படியே ஏத்தினது யாரு? நான் புனேலேர்ந்து கை நீட்டி ஏத்தினேனா?

நான் திரும்பி வந்து பாத்துட்டுச் சொன்னேன். நிஜாமும் சொன்னான். அதுக்கு நீ சொன்ன பதில எனக்கு இன்னிக்கும் மனப்பாடமாத் தெரியும். 'வெளிய போன ரெக்கார்டத் திருத்தக் கூடாது. ஒரு எழுத்த மாத்தினாலும் அதுக்கப்புறம் வந்தது பூரா மாறிடும், எடுத்து வெச்சிருக்கற நாப்பது பேரோட காப்பியும் ஒடஞ்சு போயிடும்.' சரி, எழுதினவங்க லிஸ்ட்லயாவது அவன் பேரப் போடுன்னேன். ரெக்கார்டுல இருக்கற பேர்தான் லிஸ்ட்ல வரும், ஆளுக்கொரு ரூல் கெடையாதுன்ன. நீ அப்ப லேப்ல வேலை பாத்த டீச்சர், நாங்க ரெண்டு பேரும் மாணவனுங்க. பேசாம இருந்துட்டோம்.

இன்டர்வியூல நான் நிஜாம் பேரச் சொல்லல, உண்மைதான். அது என் தப்பு. ஆனா மெயில மூடச் சொன்னது என்னக் காப்பாத்த இல்ல. அந்த நவம்பர் மெயிலுக்கு அடியிலயே உன் பதில் இருக்கு. உன் பேர்ல இருக்கு. அத உலகம் பாக்க வேணாம்னுதான் சொன்னேன்.

அப்பாவப் பாத்துக்கோ.

அன்பு


முனிக்
10 நவம்பர் 2024

அக்காவுக்கு,

மூணு மாசமா உங்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. போன் பண்ணினா அப்பாதான் எடுக்கறாரு, நீ காலேஜ்ல இருக்கன்னு சொல்றாரு, ஞாயித்துக்கிழமையும் அதையேதான் சொல்றாரு. உடம்பு நல்லா இருக்கியா? அதையாவது எழுது.

தீபாவளிக்கு வர முடியல. கைமாத்தற வேலை முடியற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லன்னுட்டாங்க. டிசம்பர் கடைசில லைசென்ஸ் மாறுது. அதுக்கப்புறம் கண்டிப்பா வரேன்.

நான் அன்னிக்குக் கோவத்துல எழுதிட்டேன். மனசுல வெச்சுக்காத. நிஜாம் விஷயத்த இப்படியே விட்டுடலாம் அக்கா. ரெக்கார்டு என்ன சொல்லுதோ அது இருக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல.

அன்பு


ஸ்ரீரங்கம்
24 நவம்பர் 2024

அன்பு,

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது, நாலாம் தேதியே. கண்ணு நல்லாத் தெரியுது. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு முதல்ல உன் கல்யாண போட்டோவத்தான் எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் நல்லா இருக்கேன்.

நீ எழுதினது அத்தனையும் நெஜம். அன்னிக்கு அந்த மெஷின்ல உக்காந்தது நான். துவாக்குடிலேர்ந்து கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்னு அவசரம், பேரப் பாக்காம ஏத்திட்டேன். பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தப்ப ஒத்துக்கறத விட ரூலப் பேசறது எனக்கு சுலபமா இருந்துது. அப்புறம் நீ வெளிநாட்டுக்குப் போனதும், பழிய உன் தலையில போட்டுட்டு நான் நிம்மதியா இருந்துட்டேன். இத்தன வருஷமும் அப்படியே நம்பவும் நம்பினேன். அதான் உன்னத் திருடன்னு எழுத எனக்குக் கை வந்துது. எழுதினதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்.

போன ஞாயித்துக்கிழமை வரகனேரிக்குப் போனேன். கமர் ஜஹான் அவங்க அத்தா வீட்டு மாடிலதான் இருக்கா, தையல் சொல்லிக் குடுக்கறா. பொண்ணு ஷாஜியா நாலாவது படிக்கறா. என்ன யாருன்னு அவளுக்குத் தெரியாம இருக்கும்னு நெனச்சேன். 'யமுனாக்காவா, ஷாஜியா அத்தா உங்களப் பத்தி ரொம்ப சொல்லுவாங்க'ன்னு சேர எடுத்துப் போட்டா. எனக்கு உக்காரவே முடியல.

நீ எழுதினியே, யாருக்கும் நஷ்டம் இல்லன்னு. கேட்டுக்கோ. 2014 ஜனவரில நிஜாமுக்கு மெட்ராஸ்ல ஒரு பெரிய கம்பெனில இன்டர்வியூ. கல்யாணமாகி அப்பதான் ரெண்டாவது மாசம், அவளையும் கூட்டிட்டுப் போயிருக்கான். வெளிய ரிசப்ஷன்ல அவ உக்காந்திருந்தாளாம். உள்ள இவன் சல்லடைல அந்தப் பாகம் நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கான். கேட்டவன் அங்கயே ரெக்கார்டத் தொறந்து, ஸ்கிரீன இவன் பக்கம் திருப்பி, 'இதுல அன்புச்செல்வன்னு இருக்கு, உங்க பேர் அன்புச்செல்வனா'ன்னு கேட்டிருக்கான். இவன் விளக்கப் பாத்திருக்கான். அடுத்தவன் வேலைய உன்னுதுன்னு சொல்றவனுக்கு இங்க எடம் இல்லன்னு எழுந்து கதவத் தொறந்து விட்டுட்டானாம். வெளிய வந்து அவகிட்ட, 'என்னப் பொய்யன்னுட்டாங்க கமர்'னு மட்டும் சொல்லியிருக்கான். அப்புறம் அவன் மெஷின் பக்கமே போகல. அந்த வருஷமே குவைத்துக்குப் போய் ஒரு ஏசி கம்பெனில ஸ்டோர் கீப்பரா உக்காந்துட்டான். நெஞ்சு வலி வந்ததும் அங்கதான், அடக்கம் பண்ணினதும் அங்கதான்.

அந்த இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தான். காபி குடிச்சுட்டுப் போனான்.

கமர் ஜஹான்கிட்ட ஏத்தினது நான்தான்னு சொல்லிட்டேன். அவ அழல, திட்டல. 'இப்பவாவது போடுங்கக்கா'ன்னா. வந்த உடனே போட்டுட்டேன். சல்லடைப் பக்கத்துல முதல் வரிலயே, ஊர் உலகமெல்லாம் பாக்கற மாதிரி: இந்த நானூத்திப் பன்னண்டு வரிய எழுதினது திருச்சி நிஜாமுதீன், பேர் மாறினது என் தப்புன்னு. உன் லிஸ்ட்ல இப்ப இருபது பேர். உங்க வக்கீலுங்களுக்கும் எழுதிட்டேன்.

யமுனா


முனிக்
2 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

அப்பாவுக்குக் கண்ணு தெரியறது சந்தோஷம். எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

நிஜாமோட இன்டர்வியூ எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. எங்கிட்ட அவன் ஒரு வார்த்தை சொல்லல. குவைத்லேர்ந்து ஈத் அன்னிக்கு மெசேஜ் மட்டும் அனுப்புவான்.

இங்க என்னக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க. அந்தப் பாகம் நான் எழுதினதுன்னு சேந்தப்போ குடுத்த பயோடேட்டாவுல இருக்கு. டீம் இப்ப வேற ஒருத்தர் கையில. வேலை இருக்கு, அதுவரைக்கும் நல்லது.

இப்ப ஒரே வழிதான். கமர் ஜஹான் வாரிசா சம்மதம் குடுக்கணும். அதுக்கு வாரிசுச் சான்றிதழ் வேணும், குவைத் இறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்போட வேணும். வாங்கி அனுப்பினா அவன் எழுதினது இருக்கும், பேரும் வரும்னு சொல்றாங்க. அவகிட்ட கேட்டுப் பாரு. நான் கேட்டா நல்லா இருக்காது.

அன்பு


ஸ்ரீரங்கம்
12 ஜனவரி 2025

அன்பு,

நாளைக்கு போகி. அப்பா உன் பழைய ஸ்கூல் நோட்டெல்லாம் எடுத்துப் போடச் சொன்னாரு, நான் போடல. அமலராணிக்குக் காய்ச்சல்னு போன்ல சொன்னாளாம், தேவலையா?

கமர் ஜஹான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. ஷாஜியா அத்தா பேர் வரும்னா எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்னுட்டா. லைசென்ஸ், ஷரத்து, காட்டறது மறைக்கறது எல்லாத்தையும் சொன்னேன். எனக்கு அதெல்லாம் வேணாம்க்கா, அவங்க பேர் இருந்தாப் போதும்னா.

தாலுகா ஆபீஸுக்கு அவளோட நாலு தரம் போயாச்சு. குவைத் பேப்பர் அரபில இருக்கு, மொழிபெயர்த்து, அதுக்கு முத்திரை வாங்கி, அப்புறம் விஏஓ விசாரணை, அப்புறம்தான் மத்தது. க்யூல நிக்கற எடத்துல எல்லாம் அவ கைப்பைலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்து, எல்லா பேப்பரும் இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு உள்ள வெப்பா. ஒரு நாள் தையல் கிளாஸ விட்டுட்டு வந்தா, அன்னிக்கு ஆபீசர் மீட்டிங் போயிட்டாரு. ஒரு வார்த்தை முணுமுணுக்கல. மார்ச் மாசத்துக்குள்ள வந்துடும்னு கிளார்க் சொல்றாரு. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு. எனக்காக இல்ல, நிஜாமுக்காக நீ ஒரு தரம் வாயத் தொறந்து கேளு.

யமுனா


முனிக்
14 பிப்ரவரி 2025

அக்கா,

கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். மார்ச்சுன்னதும் வக்கீல் கணக்குப் போட்டுப் பாத்தாரு. சான்றிதழுக்குக் காத்திருக்கறத விட அந்தப் பாகத்தத் தூக்கிட்டுப் புதுசா எழுதறது சீக்கிரம்னுட்டாரு. மூணு வாரத்துல முடிச்சுட்டாங்க. எழுதறவன் பழைய வரிய கண்ணாலயும் பாத்திருக்கக் கூடாதுன்னு ரூல், அதனால என்னக் கிட்டயே சேக்கல. யாரோ ஒரு சின்னப் பொண்ணு எழுதினா. நல்லாவே எழுதியிருக்கா.

நேத்து வெளிய விட்டுட்டாங்க. சல்லடைல இப்ப நிஜாம் எழுதினது ஒரு வரிகூட இல்ல. வரியே இல்லாதவனுக்குப் பேர் எதுக்குன்னு பேரையும் எடுத்துட்டாங்க.

நீ பேசாம இருந்திருந்தா, என் பேர்லயாவது அந்த வரி இருந்திருக்கும். உலகம் பூரா தினம் ஓடிட்டிருந்திருக்கும். உன் மனசாட்சிக்கு நீ செஞ்ச, அவனுக்கு என்ன கெடச்சுது? கமர் ஜஹானுக்கு நீயே சொல்லிக்கோ.

அப்பா கூப்பிட்டா நான் எடுக்கறேன். நீ எழுத வேணாம்.

அன்பு


ஸ்ரீரங்கம்
9 மார்ச் 2025

அன்பு,

எழுத வேணாம்னு சொன்னப்புறமும் எழுதறேன், கோவிச்சுக்காத. இதுக்கப்புறம் தொந்தரவு பண்ணல. அப்பா நல்லா இருக்காரு. உன் ஷூவுக்குள்ள துணிய வெச்சுப் போட்டுகிட்டு தினம் காவேரிக்கரை வரைக்கும் நடக்கறாரு.

நீ சொன்னது சரிதான். பழைய சல்லடை, அவன் வரியோட, என் ஹால்ல இருக்கற மெஷின்ல இன்னும் இருக்கு. அத யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. போன மாசம் எடுத்தவங்க நாலு பேர். அதுல ஒருத்தன் என் ஸ்டூடண்ட், மார்க்குக்காக எடுத்தவன். மத்தவங்க எல்லாரும் கம்பெனி சல்லடைக்குப் போயாச்சு. வெக்கமா இல்லையான்னு கேட்டானே, அவன்கூட எழுதறதில்ல.

வாரிசுச் சான்றிதழ் வந்துடுச்சு. போன வியாழக்கிழமை. கமர் ஜஹான் போன் பண்ணி, 'கெடச்சுடுச்சுக்கா, எங்க கையெழுத்துப் போடணும்'னு கேட்டா. நேர்ல வரேன்னு சொல்லிட்டு நேத்து போனேன். எல்லாத்தையும் சொன்னேன். வரிய எடுத்துட்டாங்க, பேர எடுத்துட்டாங்க, இனிமே கையெழுத்துத் தேவையில்லன்னு. அவ சான்றிதழ மறுபடி அந்த பிளாஸ்டிக் கவர்ல வெச்சுகிட்டே கேட்டுட்டிருந்தா. அப்ப எங்கயுமே இல்லையான்னு மட்டும் கேட்டா.

நவம்பர்ல நான் அறிவிப்புப் போட்ட அன்னிக்கே, ராஜகோபுரம் பக்கத்து ஜெராக்ஸ் கடைல அந்தப் பக்கத்த ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன். அடில நான் பேனாவால கையெழுத்தும் போட்டிருந்தேன். வெறுங்கையோட போக மனசில்லாம அத எடுத்துட்டுப் போயிருந்தேன், குடுத்தேன். ரெண்டு தரம் படிச்சா. அவன் பேர் இருக்கற எடத்துல வெரல வெச்சுப் படிச்சா. அப்புறம் சொன்னா:

"இந்த ஒரு தாள்தானேக்கா. அன்னிக்கு இது கையில இருந்திருந்தா, அந்த ஆளுகிட்ட எடுத்துக் காட்டியிருப்பாங்க. குவைத்துக்கே போயிருக்க மாட்டாங்க."

அவளே தொடர்ந்தா:

"அவங்களுக்கு யார்கிட்டயும் போய் ஒண்ணு கேக்க வாய் வராதுக்கா. கூச்சம். கேட்டிருந்தா நீங்க எழுதிக் குடுத்திருப்பீங்கதானே?"

அன்பு, உங்கிட்டயும் ஒண்ணச் சொல்லாம விட்டேன். அந்த இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நிஜாம் காபி குடிக்க வரல. அந்தத் தாளக் கேட்டு வந்தான். ரெக்கார்டத் திருத்த வேணாம்க்கா, லிஸ்ட்லயும் போட வேணாம், இத எழுதினது இவன்தான்னு ஒரு பேப்பர்ல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்னான். வெள்ளைத்தாளும் பேனாவும் அவனே கொண்டு வந்திருந்தான். ரெக்கார்டுல ஒண்ணு இருக்கறப்ப அதுக்கு மாறா நான் கையெழுத்துப் போட முடியாது, இன்னிக்கு உனக்குப் போட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னேன். சரிக்கான்னான். தாள நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுகிட்டு, நான் போட்டு வெச்சிருந்த காபிய, நான் சங்கடப்படுவேன்னு, முழுசாக் குடிச்சுட்டுப் போனான்.

அவகிட்ட அவன் இத சொல்லவே இல்ல. அவ என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா.

குடுத்திருப்பேன்மான்னு சொன்னேன்.

யமுனா